மாசியில் பலெர்மோ



ஐரோப்பா போகிறேன் என்று யார் சொன்னாலும் மே மாதம், பாரிஸ், சுவிட்சர்லாந்து மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. பத்து நாளில் ஏழு நாடு என்று விளம்பரம் வேறு. எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. அது மே மாதத்துக்கும் அதேதான், பிப்ரவரிக்கும் அதேதான். விமானக் கட்டணமும் அறை வாடகையும் அப்படியில்லை. கூட்டம் குறைந்த காலத்தில் போகச் சொல்லி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். எந்த ஊருக்கு என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

ஆல்ப்ஸில் பிப்ரவரிதான் உச்சம். பனிச்சறுக்குக்காரர்கள் அறைகளை நிரப்பிவிடுவார்கள். வெனிஸில் கார்னிவல். சாண்டோரினியில் விடுதிகளும் கடைகளும் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதம் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மலிவாகப் பிடித்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் நான் கேட்பது ஒரே கேள்வி. பயணிகள் போன பிறகும் அந்த ஊருக்குச் சொந்த வேலை இருக்கிறதா? திரும்பவும் சொல்கிறேன்: சொந்த வேலை இருக்கிறதா?

பலெர்மோவுக்கு இருக்கிறது. சிசிலித் தீவின் தலைநகர். பிப்ரவரியில் பகல் வெப்பம் 15 டிகிரியை ஒட்டி நிற்கும். மழை உண்டு, குடை வேண்டும். அங்கே விமானத்தில் போகாதீர்கள் என்பது என் கட்சி. ரோமிலிருந்து இரவு ரயில் ஏறுங்கள். வில்லா சான் ஜொவானியில் கடல் குறுக்கிடும். பாலம் கட்டப்போவதாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நான் போனபோது, ரயிலைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள். ஆமாம், கப்பலுக்குள் தண்டவாளம்! இரும்போடு இரும்பு முட்டும் சத்தத்தில் பெட்டியே குலுங்கியது. எதிர்ப் படுக்கைப் பாட்டி அசராமல் செருப்பை மாட்டிக்கொண்டு, வா வா என்று சைகை காட்டினார். இரும்புப் படிகளில் ஏறி மேல்தளத்துக்குப் போனால், ரயிலில் வந்த பாதிப் பேர் கையில் சூடான அரான்சினி. பொரித்த சோற்று உருண்டை, உள்ளே கறி. அக்கரையில், மெசினாவில் பெட்டிகளைத் திரும்பக் கோத்து முடிக்கும்வரை பாட்டி எனக்குத் தன் பேரன் கதையை இத்தாலியனில் சொல்லிக்கொண்டிருந்தார். விமானத்தில் இதெல்லாம் நடக்குமா?

பலெர்மோவில் பல்லாரோ சந்தை. கடலை மாவைக் கிளறி, ஆறவைத்து, வில்லை போட்டுப் பொரித்து, எள்ளுத் தூவிய ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். பெயர் பனெல்லே. சைவக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்தது. இரண்டாம் ரொஜர் மன்னன் கட்டிய 12ஆம் நூற்றாண்டு அரண்மனைக் கோயிலில் சுவரெல்லாம் பைசாந்தியப் பொன் மொசைக். கூரையில் முஸ்லிம் கைவினைஞர்களின் மர வேலைப்பாடு. ஆகஸ்டில் முதுகில் இடிபட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பிப்ரவரியில் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்திருக்கலாம்.

அங்கே ஈழத் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். ஊர்க் காவல் புனிதை ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு அவர்களில் இந்துக்களும் ஏறிப் போகிறார்கள். சந்தையில் என் தமிழைக் கேட்டுத் திரும்பிய ஒரு அக்கா, "ஆகஸ்டில வந்து வெயிலுக்க நிண்டு காயாதையுங்கோ தம்பி, மாசியில வாங்கோ" என்றார். பிறகென்ன, நான் வேறு யாரிடம் யோசனை கேட்பது?

நாபொலியும் நல்ல ஊர், செவில்லும் நல்ல ஊர். அவற்றுக்கும் சொந்த வேலை இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு போனால் இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம், பொம்பெய் உட்பட. இருந்தாலும் என் ஓட்டு பலெர்மோவுக்கே.

அறை பிடிக்கும்போது மட்டும் வாடகைக்கு முன்னால் ஹீட்டரைப் பற்றிக் கேளுங்கள். அங்கே பல பழைய வீடுகள் வெயிலை மனத்தில் வைத்துக் கட்டியவை. கல் தரையில் இரவில் கால் விறைத்துப்போகும். ஹீட்டர் இருக்கிறது என்றால், அதற்குத் தனிக் காசா என்பதையும் கேட்டுவிடுங்கள்.