பதிவேட்டில் ஒரு வரி

பதுளை மலைச்சரிவில் கொழுந்து பறித்துக் கழிந்த ஆயுளுக்குச் சாட்சி எது? 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் இவ்வினாவைத் தொழிலாளர் முன் வைத்தது. 1946ஆம் ஆண்டுக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததாக நிறுவ வேண்டும். அவர்கள் வளர்த்த தேயிலை சாட்சியாகவில்லை. தோட்டத்துச் செக்ரோல், பிறப்புப் பதிவு முதலிய ஏடுகளே பேசின. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். உரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்தையும் எட்டவில்லை. நாடற்றவராய் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இறுதியில் வழி திறந்தது.

இன்று பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகம் வழங்குகிறது. பள்ளிக்கும் அடையாள அட்டைக்கும் அதுவே திறவுகோல். ஆதலின், தொட்டில் கட்டும் நாளிலேயே பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது பெற்றோர் கடன். பாட்டனார் தேடிக் களைத்த தாளைப் பேரனும் தேடலாகாது.