ஒளிவாள் செய்யும் பிள்ளையைத் தடுக்கலாமா?



பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் நாடகம் என்றால் வாள் எங்கிருந்து வரும்? அட்டையை வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டினால் வாள் தயார். இன்றைய பிள்ளைக்கு அது போதவில்லை. வாள் ஒளிர வேண்டும். வீசினால் உறும வேண்டும். மோதினால் பளிச்சிட வேண்டும்.

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் ஒளிவாளையும் துப்பாக்கியையும் வீட்டிலேயே செய்து பார்க்கும் இளையர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். இந்தப் படங்கள் நமது தீவுக்குப் புதியவை அல்ல. 2017 மே மாதத்தில் கரையோரப் பூந்தோட்டத்தின் செயற்கைப் பெருமரங்களே மாபெரும் ஒளிவாள்களாக ஒளிர்ந்தன. படங்களைத் தயாரித்த லூக்காஸ்ஃபிலிம் நிறுவனமும் 2005ல் இங்கு கலையகம் திறந்தது. அதை மூடப்போவதாக அறிவித்தது 2023ல்தான்.

ஆனால் வீட்டில் அம்மாவின் கவலை வேறு. “சாப்பாட்டு மேசை நிறைய கம்பியும் பசையும். படிக்கிற நேரத்தில் ஆயுதம் செய்கிறானே!” என்கிறார் அவர். அந்தக் கவலையில் நியாயம் உண்டா?

முதலில் இந்த வாள் பிறந்த கதையைப் பார்ப்போம். முதல் படம் 1977ல் வெளிவந்தது. செலவுக்குப் பணம் குறைவு. அரங்கப் பொருள்களைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு புகைப்படக் கடையில் பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் மின்னொளிக் கைப்பிடியைக் கண்டெடுத்தார். அதில் ரப்பர் பட்டைகளை ஒட்டினார். வாளின் கைப்பிடி தயார். ஒலியமைப்பாளர் பென் பர்ட், பழைய திரைப்படக் கருவியின் மோட்டார் ரீங்காரத்தையும் தொலைக்காட்சிப் படக்குழாயின் இரைச்சலையும் கலந்தார். அந்த ஒலியை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, எதிரே ஒலிவாங்கியை வீசினார். வாள் காற்றைக் கிழிக்கும் ஓசை அப்படித்தான் கிடைத்தது. பழைய பொருளும் புதிய யோசனையும் சேர்ந்ததே ஒளிவாள்.

இன்று செய்பவர்களுக்கு வசதி அதிகம். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் குழாய்க்குள் எல்இடி விளக்குப் பட்டை இருக்கும். ஒவ்வொரு விளக்கிலும் ஒரு சில்லு உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 நிலைகள். கலந்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் அதிகமான வண்ணங்கள். விளக்குகள் அடியிலிருந்து நுனிவரை ஒன்றன்பின் ஒன்றாக எரிவதால் வாள் வளர்வதுபோல் தெரிகிறது. கைப்பிடிக்குள் அசைவை உணரும் சில்லு இருக்கிறது. கைபேசியைச் சாய்த்தால் படம் திரும்புவதும் இவ்வகைச் சில்லால்தான்.

இதைச் செய்ய ஈயம் பற்றவைக்கத் தெரிய வேண்டும். நிரல் எழுத வேண்டும். கணக்கும் போட வேண்டும். ஒரு விளக்கு முழு வெண்மையில் எரிய 60 மில்லிஆம்பியர் வரை மின்சாரம் எடுக்கும் என்றால், 100 விளக்குகளுக்கு 6 ஆம்பியர். மெல்லிய கம்பி அதைத் தாங்குமா? இயற்பியல் பாடத்தில் கொட்டாவி விட்ட பிள்ளை இந்தக் கேள்விக்கு விடை தேடி விழித்திருக்கிறான்.

பொருள்களுக்கும் பஞ்சமில்லை. தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் இருக்கிறது. பழைய கேமராக்கள் கிடைத்த சுங்கை ரோடு சந்தைதான் 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

அப்படியானால் துப்பாக்கியும் செய்யலாமா? இங்குதான் நிதானம் வேண்டும். ஒளிவாள் கேமராவிலிருந்து பிறந்தது. அதே படத்தின் துப்பாக்கிகளோ உண்மைத் துப்பாக்கிகளிலிருந்தே பிறந்தன. வெண்கவச வீரர்கள் ஏந்தியது பிரிட்டிஷ் ஸ்டெர்லிங். ஹான் சோலோ இடுப்பில் செருகியது ஜெர்மானிய மவுசர். சில பாகங்களை மட்டும் ஒட்டி மாற்றினார்கள். அதை அப்படியே நகலெடுத்துக் கறுப்புச் சாயம் பூசினால், எம்ஆர்டி ரயிலில் எதிரே அமர்ந்திருக்கும் பாட்டிக்கு அது பொம்மையாகத் தெரியாது.

சிங்கப்பூரில் போலித் துப்பாக்கிகளை இறக்குமதி செய்யவும் காவல்துறையின் அனுமதி தேவை. 2021 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், முப்பரிமாண அச்சில் துப்பாக்கி செய்வதற்கான மின்னிலக்க வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. “சினிமாப் பொருள்தானே” என்ற பதில் எடுபடாது. வாங்கும் முன், அச்சிடும் முன், காவல்துறையின் உரிமப் பிரிவிடம் கேட்டுவிடுவது நல்லது.

இன்னோர் ஆபத்து கைப்பிடிக்குள் இருக்கிறது. அது லித்தியம் மின்கலம். மின்ஸ்கூட்டர் மின்கலங்களால் வீவக வீடுகளில் தீப்பிடித்த செய்திகளைப் படித்திருக்கிறோம். மலிவான, பெயர் தெரியாத மின்கலம் வேண்டாம். படுக்கையில் வைத்து மின்னேற்ற வேண்டாம். விமானப் பயணத்தில் தனி மின்கலத்தைச் சரக்குப் பெட்டியில் போடவும் கூடாது.

ஆகவே, தடுப்பதா விடுவதா என்பது கேள்வியல்ல. பிள்ளை என்ன செய்கிறான் என்பது அப்பா அம்மாவுக்குத் தெரியுமா என்பதே கேள்வி. மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். “இந்தக் கம்பி எதற்கு, தம்பி?” என்று கேளுங்கள். அவன் விளக்கிச் சொன்னால், அவன் கற்றது வீண்போகவில்லை. சொல்லத் தயங்கினால், அருகில் உட்கார்ந்ததும் வீண்போகவில்லை.