அப்பா எழுதி வைத்த கொப்பிகள்

(தோட்டச் சனசமூக நிலையத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நம்ம தோட்டத்துப் பழைய கதைகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். அதைப் பேசுவதென்றால் எங்கள் அப்பாவைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அவரை ஸ்டோரில் வேலை செய்த மனுசனாக உங்களுக்குத் தெரியும். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனாலும் யார் எந்த லயத்தில் பிறந்தார், யாருடைய பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால் கொப்பியைத் திறந்து காட்டுவார். இப்படிப் பதினொரு சி.ஆர். கொப்பிகளை எழுதி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது? நம்ம தாத்தா பட்ட பாட்டிலிருந்து வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் சனத்தில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. 1946க்கு முன்னால், குடும்பக்காரர் என்றால் 7 வருசமும், தனியாள் என்றால் 10 வருசமும், இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததாக நிரூபிக்க வேண்டும். காலமெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவரிடம் ஏது கடிதாசி? தாத்தா ரெண்டு தோட்டம் மாறியவர். முதல் தோட்டத்துப் பழைய செக்ரோல் கிடைக்கவில்லை. மனு தள்ளுபடியாகிவிட்டது. அன்றைக்கு மனுப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் கதி. "கடிதாசி இல்லேன்னு, கண் முன்னால நின்ன மனுசனையே இல்லேன்னுட்டாங்க" என்று அப்பா சாகும்வரை சொல்லிக் கொண்டிருந்தார்.

பிறகு 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கு போட்டார்கள். ஒரே காம்பராவில் பிறந்த அண்ணன் அங்கே, தம்பி இங்கே. தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்ட ஒவ்வொரு குடும்பத்தையும் அப்பா எழுதி வைத்தார். எந்த லயம், எத்தனை பேர், போகிற ஊர் எது என்று எல்லாம் இருக்கிறது. 1984இல் கப்பலும் நின்று போனது. ஆனால், விட்டுப் போன உறவைத் தேடி அந்தக் கரையிலிருந்து வந்த கடுதாசிகளுக்கு, அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பதில் போட்டோம்.

இதெல்லாம் பழங்கதைதானே, இப்ப எதுக்கு என்று பிள்ளைகள் கேட்கலாம். ஒரு காரியம் சொல்கிறோம். பென்சன் வாங்கிய ஒரு தாய் சேமலாப நிதிப் பணத்துக்காக அலைந்து கொண்டிருந்தார். செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர். பிறப்புப் பத்திரமும் கையில் இல்லை. ரெண்டும் ஒரே ஆள்தான் என்று யார் சொல்வது? அப்பாவின் மூன்றாவது கொப்பியில், வீட்டில் கூப்பிடும் பேர், பதிவுப் பேர், பிறந்த வருசம், பிறந்த தோட்டம் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. கொப்பியைச் சாட்சியாக எந்தக் கந்தோரும் ஏற்காது. ஆனால் எந்தப் பதிவாளரிடம், எந்த வருசத்துப் புத்தகத்தில் தேட வேண்டும் என்று அது சொல்லிக் கொடுத்தது. பத்திரத்தின் பிரதி கிடைத்தது. முப்பத்தைந்து வருசம் கொழுந்தெடுத்த காசு அந்தத் தாயின் கைக்கு வந்தது.

அப்பா பேரும் தேதியும் மட்டும் எழுதவில்லை. ஸ்டோருக்குக் காவலாக நாம் கும்பிடும் ரோதை முனியையும், கவ்வாத்து வெட்டப் போகுமுன் கும்பிடும் சாமியையும் பற்றி எழுதினார். மாசி மாதக் காமன் கூத்தில் யார் ரதி வேசம் கட்டினார்கள், யார் தப்படித்தார்கள் என்பதும் இருக்கிறது. கிழவிகள் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கெசட்டில் பிடித்தார். ஒவ்வொரு மலைக்கும் துரைமார் நம்பர் போட்டிருந்தாலும், நம்ம ஆட்கள் வைத்த பேரைத்தான் அவர் முதலில் எழுதுவார். தோட்டத்தில் பிறந்து பாராளுமன்றம் வரை போன சி.வி. வேலுப்பிள்ளை அவர்கள் நம் மக்களின் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பெரிய மனுசர் செய்ததை நம்ம அளவில் நாமும் செய்யலாம் என்பது அப்பாவின் எண்ணம்.

தோட்டங்கள் 1975இல் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. இப்படிக் கைமாறும்போது எத்தனையோ பழைய புத்தகங்கள் கறையானுக்கும் அடுப்புக்கும் போய்விட்டன. 2023இல் மலையகத்துக்கு 200 வருசம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து போனார்கள். நல்ல காரியம். ஆனால் நம்ம வீட்டுக் கதையை நாம்தான் எழுத வேண்டும். வேறு யாரும் வந்து எழுதித் தரமாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் சில காரியங்களைக் கேட்டுக் கொள்கிறோம். தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய பாஸ்போட்டு, பிறப்பு மரணப் பத்திரம், பள்ளிக்கூடக் கடிதம், சம்பளத் துண்டு எதையும் வீசாதீர்கள். போட்டோப் பிரதி எடுத்து, மழைத்தண்ணி படாமல் பொலித்தீன் உறையில் வையுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் வீட்டுப் பேர், செக்ரோல் பேர், அடையாள அட்டைப் பேர் மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால், பென்சன் வாங்கும்வரை காத்திராமல் இப்பவே எங்களிடம் கொண்டு வாருங்கள். கைத்தொலைபேசி உள்ள பிள்ளைகள் தாத்தா பாட்டியின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பேசுபவரின் பேரையும் தேதியையும் முதலில் சொல்ல வையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேளுங்கள், நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

அப்பாவின் பதினொரு கொப்பிகளையும் பிரதி எடுத்துத் தோட்ட வாசிகசாலையில் வைத்திருக்கிறோம். வந்து உங்கள் குடும்பத்தைத் தேடிப் பாருங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துவோம். பன்னிரண்டாவது கொப்பியையும் வாங்கி வைத்திருக்கிறோம். அதில் எழுத வேண்டியது நீங்கள்தான்.