கிராங்க் ஆடினால் காட்டர் பின்னைப் பாருங்கள்

பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய அந்தக் கறுப்பு சைக்கிள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகிறது. மிதிக்கையில் சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’கென்று சத்தம், காலடியில் லேசான ஆட்டம். பெடலுக்கு எண்ணெய் விட்டாலும் போகாது. கோளாறு பெரும்பாலும் காட்டர் பின்னில்தான்.

பெடலைத் தாங்கும் கிராங்கை அச்சோடு பிணைக்கும் சின்ன இரும்பு ஆணி அது. ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருப்பதால் ஆப்பு போல இறுகி நிற்கும். நட்டை முறுக்கியே அதை இறுக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மரை அறுந்துதான் போகும்! சுத்தியலால் அடித்துத்தான் பின்னை ஏற்ற வேண்டும். ஏறியது கழன்றுவிடாமல் காப்பது மட்டுமே நட்டின் வேலை. அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த அடி உள்ளே உருளும் குண்டுகளையும் அவற்றைத் தாங்கும் கப்பையும் பதம் பார்த்துவிடும்.

பின்னின் சரிவில் பள்ளம் விழுந்திருந்தால் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழையதைக் கடையில் காட்டி அதே அளவில் வாங்குங்கள். விலை சொற்பம். ஆடும் பின்னோடு ஓட்டி அச்சும் கிராங்கும் தேய்ந்தால்தான் பெருஞ்செலவு. புதுப் பின் படிய நேரமாகும். கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி இரண்டு தட்டுத் தட்டி, நட்டை இறுக்குங்கள்.