ஏலத்திலிருந்து மீண்ட தோட்டங்கள்

1970களில் நியூயார்க் நகரம் நிதி நெருக்கடியில் தவித்தபோது, வரி செலுத்த இயலாத உரிமையாளர்கள் கைவிட்ட கட்டடங்கள் பல இடிந்து, அம்மனைகள் குப்பைமேடுகளாக நகர நிர்வாகத்தின் வசம் வந்து சேர்ந்தன. 1973இல் லிஸ் கிறிஸ்டி என்னும் ஓவியரும் அவருடைய தோழர்களும், 'பசுமைக் கெரில்லாக்கள்' என்ற பெயர் பூண்டு, பௌரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் கிடந்த மனையொன்றைத் துப்புரவாக்கித் தோட்டமாக்கினர். மறு ஆண்டே நகரம் அதனை மாதம் 1 டாலர் வாடகைக்கு அவர்களுக்கு அளித்தது. நூற்றுக்கணக்கான இடங்களில் அக்கம்பக்கத்தார் இவ்வழியைப் பின்பற்றினர் எனினும், வாடகையோ குத்தகையோ நிலவுரிமை ஆகாது என்பதே இம்முயற்சியின் பெருங்குறை.

நிலமதிப்பு உயர்ந்த பின்னர், 1999இல் மேயர் ருடால்ஃப் ஜூலியானியின் நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம்விட முற்பட்டபோது மக்கள் வீதியில் இறங்கினர், வழக்குகளும் தொடுக்கப்பட்டன. இறுதியில், நிலத்தை வாங்கி, அது மனைவணிகத்திற்குச் செல்லாதவாறு பொதுப்பயனுக்கெனக் காக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகளான நில அறக்கட்டளைகளும், நடிகை பெட் மிட்லர் நிறுவிய அமைப்பும் சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை மீட்டன. மக்களின் உழைப்பே பண்படுத்திய மண்ணுக்கு இவ்வளவு விலை கேட்டது அநீதி என்றே கொள்ள வேண்டும். மீட்கப்பட்ட தோட்டங்களுள் பல, பின்னாளில் தோட்டக்காரர்களே நடத்தும் வட்டார அறக்கட்டளைகளின் பெயருக்கு மாற்றப்பட்டன.