பெருந்தொற்றும் பருவச் சளிக்காய்ச்சலும்
(திருவிழாவையொட்டி ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மாரி என்பது மழை. மழைக்கு அதிபதியாகவும் அம்மை நோயைத் தணிக்கும் அன்னையாகவும் தமிழர்கள் மாரியம்மனை வழிபட்டு வருகின்றனர். சஞ்சிக் கூலிகளாகவும் கங்காணி முறையிலும் மலாயாவுக்கு வந்த முன்னோர்கள், ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் லயங்களுக்கு அருகே முதலில் எழுப்பிய கோயில்களுள் பல அவளுடையனவே. மழைக்காலமும் நோய்க்காலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அவர்கள் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. அது வெறும் அடையாளமன்று. வெளியார் உள்ளே வரலாகாது என்னும் அறிவிப்புமாகும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பின் ஊரார் வெளியூரில் இரவு தங்குவதைத் தவிர்த்தனர். பக்தியோடு பாதுகாப்பும் இவ்வழக்கங்களில் கலந்திருந்தது. உலக மக்களை வாட்டிய பெரியம்மை, தடுப்பூசியின் பயனாக 1980ஆம் ஆண்டில் முற்றாக ஒழிக்கப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் எல்லா நோய்களும் அவ்வாறு விடைபெறுவதில்லை. சில நோய்கள் ஒளிந்து, காலம் தவறித் திரும்பி வருகின்றன. அவற்றுள் ஒன்றான சளிக்காய்ச்சலைப் பற்றியதே இவ்வுரை.

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது ‘மருந்து’ என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவப் பெருந்தகை காட்டும் நெறி. அந்நெறியிலேயே இதனைக் காண்போம்.

முதலாவது, நோயின் இயல்பு. குளிர் நாடுகளில் சளிக்காய்ச்சல் குளிர்காலத்தில் பெருகி, வேனிலில் அடங்கும். மலேசியாவும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டை ஒட்டியவை, குளிர்காலம் இல்லாதவை. இங்கே இந்நோய் ஆண்டு முழுதும் நிலவும். சிங்கப்பூரில் ஆண்டின் நடுப்பகுதியிலும், ஆண்டு முடிந்து புத்தாண்டு பிறக்கும் காலத்திலும் அது இருமுறை ஏறுவது வழக்கம். இரண்டாவது ஏற்றத்தின் காலம், ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலமுமாகும். மார்கழி பசனையும் தைப்பூசமும் வரும் காலமும் அதுவே.

2020ஆம் ஆண்டு பிறந்தபோது மலேசிய மக்கள் பேசியது கோவிட்டைப் பற்றியன்று, சளிக்காய்ச்சலைப் பற்றியே. தனியார் கிளினிக்குகளில் தடுப்பூசி கேட்டுப் பெற்றோர்கள் திரண்டனர். அந்தச் சனவரி 25ஆம் நாள் மலேசியாவின் முதல் கோவிட் நோயாளிகள் உறுதி செய்யப்பட்டனர். அவர்கள் சிங்கப்பூர் வழியாக ஜொகூருக்குள் வந்த சீன நாட்டுப் பயணிகள். மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் கடந்து சென்ற ஜொகூர் கடற்பாலம் வெறிச்சோடியது. பள்ளிகள் மூடப்பட்டன. ஆலயக் கதவுகளும் அடைபட்டன. 2021ஆம் ஆண்டுத் தைப்பூசம் காவடியும் பெருங்கூட்டமும் இன்றிக் கழிந்தது.

அவ்வேளையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. சளிக்காய்ச்சல் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. மலேசியாவில் மட்டுமன்று, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, ஐரோப்பா, அமெரிக்கா என எங்கும் ஆய்வுக்கூடங்கள் அந்நோய்க் கிருமியைத் தேடியும் மிக அரிதாகவே கண்டன. கோவிட் மட்டும் அடங்காமல் பரவியது. ஒரே காற்றில், ஒரே வழியில் பரவும் இரு நோய்களுள் ஒன்று ஒடுங்க, மற்றொன்று ஓங்கியது எங்ஙனம்?

இரண்டாவது, அதன் காரணம். விடை ஒரு சிறு கணக்கில் அடங்கியுள்ளது. பருவச் சளிக்காய்ச்சல் கண்ட பத்துப் பேர், சராசரியாகப் பதின்மூன்று பேருக்கு அந்நோயைத் தருகின்றனர். தொடக்கத்தில் பரவிய கோவிட் கண்ட பத்துப் பேரோ ஏறத்தாழ இருபத்தைந்து பேருக்குத் தந்தனர். முகக்கவசமும் இடைவெளியும் இப்பரவலில் கால் பங்கைக் குறைத்தன என வைத்துக்கொள்வோம். சளிக்காய்ச்சலில் பதின்மூன்று, பத்துக்கும் சற்றுக் கீழே இறங்குகின்றது. பத்துப் பேரிடமிருந்து பத்துப் பேருக்கும் குறைவாகவே பரவுமாயின், அந்நோய் தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து மறையும். கோவிட்டில் இருபத்தைந்து, பத்தொன்பது ஆகின்றது. அது தொடர்ந்து பெருகும். ஒரே அணை சிற்றாற்றை நிறுத்தும். பேராற்றை நிறுத்தாது என்பது போன்றது இது.

எல்லைகள் மூடப்பட்டதும் மற்றொரு காரணம். சளிக்காய்ச்சல் கிருமி, நாடு விட்டு நாடு பயணம் செய்பவர்களோடு உலகைச் சுற்றி வருவது. விமானங்கள் நின்றதும் அச்சுற்றும் நின்றது. ஒரு கிருமி உடலில் பரவியிருக்கும்போது மற்றொன்றுக்கு இடம் கொடாமல் தடுத்தல் கூடும் என்னும் கருத்தையும் ஆய்வாளர்கள் முன்வைத்துள்ளனர்.

ஆயினும் சாதாரணத் தடிமன் தரும் கிருமிகள் அக்காலத்திலும் முற்றாக ஒழியவில்லை. சளிக்காய்ச்சல் கிருமியையும் கோவிட் கிருமியையும் சுற்றிக் கொழுப்பாலான உறை உண்டு. சவர்க்காரமும் கைத்தூய்மி நீர்மமும் அவ்வுறையைக் குலைத்துவிடும். தடிமன் கிருமிகளுள் முதன்மையானவற்றுக்கு அத்தகைய உறை இல்லை. ஆகவே அவை எளிதில் அழிவதில்லை. குழந்தைகளின் மூக்கு ஒழுகியது நிற்காதிருக்க, காய்ச்சல் மட்டும் காணாமற்போனதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பெருந்தொற்று, பருவ நோயின் போக்கை மாற்றுவது இதுவே முதன்முறையன்று. 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலாயாவைத் தாக்கிய சளிக்காய்ச்சலில் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர் எனக் கணிக்கப்படுகின்றது. அக்கொடிய கிருமியின் வழித்தோன்றல்களே பின்னர் ஆண்டுதோறும் வரும் பருவக் காய்ச்சலாகத் தணிந்தன. 1957ஆம் ஆண்டு, சீனாவில் தோன்றிய புதிய வகை ஏப்ரலில் ஹாங்காங்கையும், அடுத்துச் சிங்கப்பூரையும் மலாயாவையும் அடைந்தது. சுதந்திரத்திற்குச் சில மாதங்களே இருந்த வேளை அது. எச்2என்2 எனப்படும் அப்புது வகை, 1918 முதல் வழங்கிவந்த எச்1என்1 வகையை மனிதரிடையே இருந்து அறவே அகற்றிவிட்டது. 1968இல் ஹாங்காங்கில் வெளிப்பட்ட எச்3என்2, தனக்கு முந்திய எச்2என்2 வகையை அகற்றியது. 1977இல் பழைய எச்1என்1 மீண்டும் தலைகாட்டியது. 2009இல் வந்த புதிய எச்1என்1, அந்தப் பழையதை வெளியேற்றித் தானே பருவக் காய்ச்சலாகிவிட்டது.

அவை யாவும் சளிக்காய்ச்சல் கிருமி தன் இனத்தையே அகற்றிய நிகழ்ச்சிகள். 2020இல் நிகழ்ந்ததோ வேறு. வேற்று இனக் கிருமியை எதிர்க்க மனிதர் கட்டிய வேலியில் சளிக்காய்ச்சல் சிக்கியது. அதில் ஒரு கிளை பட்டே போயிற்று எனலாம். ‘பி’ வகையைச் சேர்ந்த யாமகாத்தா என்னும் கிளை, 2020 மார்ச்சுக்குப் பின் இயற்கையில் பரவியதாக எங்கும் உறுதி செய்யப்படவில்லை. ஆகவே அக்கிளையைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டியதில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது.

மற்றக் கிளைகள் மீண்டன. ஆனால் பழைய கால அட்டவணைப்படி மீளவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில், குளிர்காலத்தில் வரவேண்டிய குழந்தைகளின் சுவாச நோய் ஒன்று, 2020ஆம் ஆண்டின் இறுதியில் வேனிலை ஒட்டி வந்தது. 2022இல் ஆஸ்திரேலியா எல்லைகளைத் திறந்ததும், அங்கே சளிக்காய்ச்சல் வழக்கத்துக்கு முன்னரே உச்சத்தை எட்டியது. மலேசியாவில் 2022ஆம் ஆண்டு கை, கால், வாய்ப்புண் நோய் முந்திய ஆண்டைவிடப் பன்மடங்கு பெருகியது. ஈராண்டுகள் வீட்டுக்குள் வளர்ந்த குழந்தைகள், அக்கிருமிகளைச் சந்தித்ததே இல்லை. பெரியவர்களின் உடலிலும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டுவந்த எதிர்ப்பாற்றல் தளர்ந்திருந்தது. உலர்ந்த சருகு குவிந்த காட்டில் பொறி விழுந்தாற்போல நோய் பற்றியது.

2022 ஏப்ரல் முதல் நாள் கடற்பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் உள்ளரங்குகளில் முகக்கவசக் கட்டாயம் தளர்த்தப்பட்டது. 2023 மே 5ஆம் நாள், கோவிட்டுக்கான உலகளாவிய அவசர நிலை முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. மக்கள் மூச்சு விட்டனர், மறக்கவும் தொடங்கினர். 2025 அக்டோபரில் மலேசியப் பள்ளிகளில் சளிக்காய்ச்சல் விரைந்து பரவி, ஏறத்தாழ 6,000 மாணவர்கள் பாதிக்கப்பட்டனர். சில பள்ளிகள் தற்காலிகமாக மூடப்பட்டன. மறைந்தது என எண்ணப்பட்ட நோய் மறையவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, தீர்க்கும் வழி. இங்கேதான் ஆலயத்தின் கடமை வருகின்றது. திருவிழா என்பது தலைமுறைகள் கூடும் இடம். பள்ளிப் பிள்ளைகளும், சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பும் இளைஞர்களும், எழுபது வயதைக் கடந்த பாட்டிமார்களும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து அன்னதானம் உண்கின்றனர். பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சலாகக் கழிவது, பாட்டிக்கு நுரையீரல் அழற்சியாக மாறக்கூடும். மலேசியாவில் நீரிழிவு நோய் இந்திய வம்சாவளியினரிடையே மிகுதி என்பதைத் தேசிய உடல்நல ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. நீரிழிவு உள்ளவர்களைச் சளிக்காய்ச்சல் கடுமையாகத் தாக்கும். ஆகவே இஃது அயலார் பிரச்சினை அன்று. இச்சமுதாயத்தின் சொந்தப் பிரச்சினை.

காய்ச்சலோடும் இருமலோடும் இருப்பவர் நேர்த்திக்கடன் என்று கூட்டத்துக்குள் வருதல் ஆகாது. காப்புக் கட்டியவருக்கு நோய் கண்டால், நேர்த்தியைப் பின்னொரு நாள் செலுத்த அன்னை இசைவாள். வர வேண்டிய நிலை இருப்பின் முகக்கவசம் அணிதல் பண்பு. அறுபது வயதைக் கடந்தவர்களும், கர்ப்பிணிகளும், நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்வது நலம். கிருமி ஆண்டுக்காண்டு உருமாறுவதால் சென்ற ஆண்டுத் தடுப்பூசி இவ்வாண்டுக்குப் போதாது. ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரு வாரங்கள் ஆகும். ஆதலால் தேர் புறப்படும் நாள் வரை காத்திராமல், கொடியேற்றத்துக்கு முன்னரே இதனை நினைவிற்கொள்ள வேண்டும். நோய் கண்டால் முதல் இரண்டு நாட்களுக்குள் மருத்துவரை நாடினால் மருந்து நன்கு பயன்தரும். பழைய மாத்திரைப் பட்டையில் மீந்திருக்கும் ஆன்டிபயாட்டிக் இக்கிருமியைக் கொல்லாது.

ஆலய நிர்வாகங்களும் சிலவற்றைச் செய்யலாம். மண்டபத்தில் காற்றோட்டம் இருக்கச் செய்தல், கைகழுவும் இடத்தில் சவர்க்காரம் வைத்தல், சமையற்கட்டிலும் பந்தியிலும் தொண்டாற்றுவோருள் நோயுற்றவர்க்கு ஓய்வளித்தல், முதியோர்க்குக் கூட்டம் குறைந்த வேளையில் தரிசனம் ஒதுக்குதல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

பெருமக்களே! இரண்டு ஆண்டுகள் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்றுண்டு. சளிக்காய்ச்சல் தடுக்க இயலாத விதி அன்று. மனிதர் ஒருவரையொருவர் எண்ணி நடந்தபோது அதுவும் பின்வாங்கியது. அக்காலத்துக் கட்டுப்பாடுகள் அனைத்தும் திரும்ப வேண்டியதில்லை, திரும்பவும் கூடாது. கதவு அடைத்த கோயிலும் காவடி இல்லாத தைப்பூசமும் எவர்க்கும் உவப்பானவை அல்ல. ஆனால் வேப்பிலை செருகிய வாசலைக் கண்டு ஒதுங்கிச் சென்ற முன்னோரின் விவேகம் மட்டும் திரும்பினால் போதும். உற்றாரின் நலனைக் காப்பதும் வழிபாடே.

அன்னையின் அருளால் பருவந்தோறும் மாரி பொழிக, பிணி நீங்குக, ஊர் செழிக்க!