ரப்பர் தோலுக்குள் இருக்கும் ஆள்



2024 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவுக்கு ஜப்பானிலிருந்து வந்திருந்த ஒரு குழு, கையில் காட்ஸில்லா பொம்மைகளோடு சிவப்புக் கம்பளத்தில் நடந்தது. அவர்கள் போட்டிருந்த ஷூக்களின் குதிகாலும் காட்ஸில்லாவின் நகங்களைப் போலவே செய்யப்பட்டிருந்தது. 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்தின் இயக்குநர் தகாஷி யமசாகியும் அவருடைய சகாக்களும்தான் அவர்கள். சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் விருதை அன்றைக்கு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சுமார் 35 கலைஞர்கள் செய்த வேலை அது. ஹாலிவுட்டில் ஒரு படத்துக்கு இதே வேலையை நூற்றுக்கணக்கானவர்கள் செய்வார்கள்.

விருது வாங்கப் போகிற இடத்துக்குப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போகிற அந்தப் பிரியத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஜப்பானின் ராட்சத மிருகங்கள், அவற்றோடு மல்லுக்கட்டும் அல்ட்ராமேன், அமெரிக்காவின் பழைய கறுப்பு வெள்ளை பயங்கரப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொண்டாடுகிற ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். "ரப்பர் உடுப்பு மாட்டிய ஒரு ஆள் அட்டைக் கட்டடத்தை மிதிக்கிறான், இதில் ரசிக்க என்ன இருக்கிறது?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். உள்ளே ஆள் இருக்கிறான் என்பதற்காகவேதான் ரசிக்கிறார்கள் என்பது என் கட்சி.

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில், பிகினி தீவுகளில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாம் ஃபுகுரியு மாரு' என்ற ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அதன் வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பர் 3ஆம் தேதி டொஹோ நிறுவனத்தின் 'காட்ஸில்லா' திரைக்கு வந்தது. தொடக்கத்திலேயே, நடுக்கடலில் ஒரு கப்பல் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தில் தீப்பற்றி மூழ்குகிறது. அது எதைச் சொல்கிறது என்று அன்றைய ஜப்பானியப் பார்வையாளருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இயக்குநர் இஷிரோ ஹோண்டா, சீனாவில் படைவீரராக இருந்துவிட்டுப் போர் முடிந்து திரும்பியபோது, எரிந்து கிடந்த ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர்.

தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்ற எய்ஜி சுபுராயா முதலில் ஒரு ரசிகர். 1933இல் வந்த 'கிங் காங்' அவரை ஆட்டிப் படைத்திருந்தது. அந்தப் படத்தில் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, சட்டம் சட்டமாக எடுத்திருப்பார்கள். அதே முறையில் எடுத்தால் ஏழு வருடம் ஆகும் என்று சுபுராயா கணக்குச் சொன்னாராம். கையில் இருந்ததோ சில மாதங்கள். ஆகவே ஆளுக்கே உடுப்பை மாட்டிவிட்டார்கள். முதலில் செய்த உடுப்பு ஏறக்குறைய 100 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு சில அடிகூட ஒழுங்காக நடக்க முடியவில்லை. பிறகு அதை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியைக் கால்கள் மட்டும் தெரியும் காட்சிகளுக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது உடுப்பு கொஞ்சம் இலேசு, அவ்வளவுதான்.

உள்ளே போனவர் ஹருவோ நகாஜிமா. சாமுராய் படங்களில் அடிபட்டு விழும் சின்ன வேடங்கள் செய்தவர். உடுப்புக்குள் போவதற்கு முன் டோக்கியோவின் உயெனோ மிருகக்காட்சிசாலைக்குப் போய், யானையும் கரடியும் எப்படி அடி எடுத்து வைக்கின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றார். காட்ஸில்லாவின் நடையில் ஒரு தயக்கமும் பாரமும் கலந்திருக்கிறதே, அது அங்கே கற்றது. இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கட்டிய டோக்கியோ நகரத்துக்குள் அவர் நடக்கும்போது காமிரா வழக்கத்தைவிட வேகமாக ஓடும். திரையில் சாதாரண வேகத்தில் ஓட்டினால் எல்லாம் மெதுவாகி, இடியும் சுவருக்கு எடை வந்துவிடும். விளக்குச் சூட்டில் உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்ததும் உண்டு. அப்படியும் 1972 வரை பன்னிரண்டு படங்களில் அவர் காட்ஸில்லாவாக நடித்தார்.

வானொலியில் பேசுகிறவன் ஒலியை விட்டுவிட்டுப் போகலாமா? காட்ஸில்லாவின் உறுமலுக்கு மிருகக்காட்சிசாலைக் குரல்களையெல்லாம் முயன்று பார்த்தார்கள், ஒன்றும் ஒத்துவரவில்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே ஒரு வழி சொன்னார். டபுள் பேஸ் வாத்தியத்தின் நரம்பைத் தளர்த்திவிட்டு, பிசின் தடவிய தோல் கையுறையால் அதன் மேல் அழுத்தி இழுத்தார்கள். பதிவான சத்தத்தின் வேகத்தைக் குறைத்தபோது கிடைத்ததுதான் அந்தக் குரல். மிருகத்தின் கத்தலில் ஓர் அழுகை கேட்கிறது என்று ரசிகர்கள் சொல்வது வெறும் பிரமையல்ல என்றே நினைக்கிறேன்.

அமெரிக்கப் பக்கத்துக்கு வருவோம். 1931இல் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் மிருக வேடத்துக்கு நேரே நடிகர் பெயர் இல்லை, ஒரு கேள்விக்குறிதான் இருக்கும். படம் முடிந்த பிறகே போரிஸ் கார்லாஃப் என்ற பெயர் வரும். ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் நாள்தோறும் மணிக்கணக்கில் உட்கார்ந்து அந்தத் தட்டை மண்டையையும் கனத்த இமைகளையும் ஒட்டினார். அத்தனை பூச்சுக்கும் அடியிலிருந்து கார்லாஃப் ஒரு திகைத்த குழந்தையைக் காட்டினார். கூரைத் திறப்பு வழியாக முதன்முதலாக வெளிச்சம் விழும்போது, அதைப் பிடிக்கக் கைகளை மேலே நீட்டுவாரே, அதைப் பார்த்தபின் அந்தப் பிராணியை வெறுக்க முடியாது.

இந்தப் பழைய படங்களுக்கு மறுவாழ்வு கொடுத்தது தொலைக்காட்சி. 1957இல் 52 படங்களை ஒரே கட்டாக அமெரிக்க நிலையங்களுக்கு விற்றார்கள். இரவு நேர ஒளிபரப்பைப் பார்த்த சிறுவர்கள் அப்பா அம்மா காலத்துப் பேய்களிடம் மயங்கினார்கள். மறு ஆண்டே ஃபாரஸ்ட் அக்கர்மேன் ஆசிரியராக இருந்து 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லாண்ட்' என்ற பத்திரிகை தொடங்கியது. அதன் சிலேடைகள் படுமோசம். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் முகமூடியைச் செய்தவர் யார், பொம்மையை அசைத்தவர் யார் என்று அது சிறுவர்களுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தது. நட்சத்திரத்தின் கல்யாணச் செய்தியைத் தேடும் ரசிகனும், பசையின் கலவையைத் தேடும் ரசிகனும் ஒரே ஜாதியல்ல. அந்தப் பத்திரிகையைப் படித்து வளர்ந்த ரிக் பேக்கர், 1976இல் வந்த 'கிங் காங்' படத்தில் தானே குரங்கு உடுப்புக்குள் புகுந்தார். ஒப்பனைக்கென ஆஸ்கர் ஆண்டுதோறும் தரும் விருதை ஏற்படுத்தியபோது முதலில் வாங்கியவரும் அவரே.

இரண்டு மரபுகளும் சந்தித்த ஒரு படம் உண்டு. 1965இல் ஹோண்டா இயக்கியது. ஃபிராங்கன்ஸ்டைனின் சாகாத இதயத்தை ஜெர்மானியர்கள் நீர்மூழ்கிக் கப்பலில் அனுப்புகிறார்கள். அது ஹிரோஷிமாவுக்கு வந்து சேர்கிறது, குண்டும் விழுகிறது. பல வருடம் கழித்து அந்த ஊர்த் தெருக்களில் பசியோடு அலையும் ஒரு சிறுவன் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகிறான். கதையைச் சொன்னால் சிரிப்பு வரும். படமும் பல இடங்களில் தள்ளாடுகிறது. இருந்தாலும் கார்லாஃபின் அநாதையை அணுகுண்டின் அநாதையாக்கிய துணிச்சலை நான் மதிக்கிறேன்.

அதில் அவனோடு சண்டை போடும் பாரகான் என்ற மிருகத்தின் உடுப்பைப் பின்னர் சுபுராயாவின் ஆட்கள் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோய், கொம்பும் செதிலும் மாற்றி வேறு வேறு மிருகங்களாக நடமாட விட்டார்கள். 1966இல் தொடங்கிய 'அல்ட்ராமேன்' தொடரில் காட்ஸில்லா உடுப்பின் கழுத்தில் ஒரு விசிறிமடலைக் கட்டி ஜிராஸ் என்று பெயர் வைத்தார்கள். உள்ளே இருந்தவர் நகாஜிமாவேதான். சண்டையில் அல்ட்ராமேன் அந்த மடலைப் பிய்த்து எறிகிறார். பிய்த்ததும் காட்ஸில்லா நிற்கிறது! எந்தத் தோல் எதில் வந்தது என்று வரிசையாகச் சொல்லும் ரசிகர்களைக் கேலி செய்வது சுலபம். பணமில்லாத ஒரு தொழிற்கூடம் எப்படிச் சமாளித்தது என்ற வரலாறு அவர்கள் நினைவில்தான் பத்திரமாக இருக்கிறது.

அதே தொடரில் அகியோ ஜிஸ்ஸோஜி இயக்கிய 23ஆவது பகுதி இந்த வகையின் உச்சம் என்பேன். ஜமிலா என்ற மிருகம் உண்மையில் ஒரு விண்வெளி வீரன். தண்ணீரில்லாத கோளில் அவனைக் கைவிட்ட அரசாங்கம், அந்தச் செய்தியையும் மறைத்துவிடுகிறது. உருமாறித் திரும்பி வருகிறவனை அல்ட்ராமேன் கொல்கிறார், அதுவும் தண்ணீரைப் பீய்ச்சி. சேற்றில் புரண்டு அவன் சாவதைக் காமிரா விலகாமல் பார்க்கிறது. பிறகு அழகான வாசகத்தோடு ஒரு கல்லறை எழுப்புகிறார்கள். பலியானவர்களுக்குக் கிடைப்பது எப்போதும் வார்த்தைகள்தான் என்று மிருகங்களை எதிர்க்கும் குழுவில் ஒருவன் முணுமுணுக்கிறான். குழந்தைகளுக்கான ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி இது!

அந்தக் குழந்தைகளில் சிலர் படமெடுக்க வந்தார்கள். ஒசாகாவில் ஹிதேஅகி அன்னோவும் நண்பர்களும் 1983இல் சொந்தமாக ஒரு அல்ட்ராமேன் குறும்படம் எடுத்தார்கள். நாயகன் அன்னோதான், முகமூடி கூடக் கிடையாது, சொந்த முகத்தோடு வந்து மிருகத்தை அடிப்பார். ஊருக்குள் புகுந்த மிருகத்தைக் கொல்ல அணு ஆயுதத்தைப் போடலாமா என்பது கதையின் சிக்கல். 33 ஆண்டுகள் கழித்து அவர் இயக்கிய 'ஷின் காட்ஸில்லா'வில் டோக்கியோவை வைத்து அதே கேள்வி வருகிறது. 2022இல் அவர் எழுதிய 'ஷின் அல்ட்ராமேன்' படத்தில், முதல் வடிவமைப்பாளர் தோரு நரிடாவின் எண்ணப்படி, நாயகனின் மார்பு விளக்கையும், நடிகர் வெளியே பார்ப்பதற்காகக் கண்ணில் போட்டிருந்த துளைகளையும், ஜிப்பை மறைத்த முதுகுத் துடுப்பையும் நீக்கிவிட்டார்கள். நரிடாவுக்குச் செய்த மரியாதை அது, புரிகிறது. எனக்கு அந்தத் துளைகள் வேண்டும். அவற்றின் வழியாகத்தான் பின் ஃபுருயா என்ற ஒல்லியான இளைஞர் 39 பகுதிகள் முழுக்க எதிரியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்த ரசனையில் குறை இல்லாமல் இல்லை. பழைய ரப்பர் பொம்மைகளுக்குக் கொடுக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். கணினியில் செய்தாலே ஆன்மா போய்விட்டது என்று சண்டைக்கு வருவார்கள். யமசாகியின் மிருகம் முழுக்கக் கணினியில் பிறந்தது என்பது அவர்களுக்குச் சங்கடம். இதைவிடப் பெரிய குறை ஒன்று. 1956இல் அமெரிக்காவில் வந்த 'காட்ஸில்லா' பதிப்பில் அணுகுண்டுப் பேச்சைப் பெருமளவு வெட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகரைச் செருகியிருந்தார்கள். ஹோண்டாவின் அசல் படம் அங்கே பரவலாகத் திரைக்கு வந்தது 2004இல்தான். ஆக, ஒரு தலைமுறை முழுக்கப் படகையும் சாம்பலையும் அறியாமல் மிருகத்தை மட்டும் நேசித்தது. அந்தப் படகு இன்றும் டோக்கியோவில், யுமெனோஷிமா பூங்காவில் காட்சிக்கு இருக்கிறது.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1954 படத்தை ஜப்பானியப் பதிப்பில் பாருங்கள், எந்தப் பதிப்பு என்று சரிபார்த்து வாங்குங்கள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுபது நிமிடம்தான். ஜமிலாவின் கதை அரை மணிக்கும் குறைவு, முந்தைய 22 பகுதிகளைப் பார்க்காமலே புரியும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதை மட்டும் அவர்கள் கூடவே உட்கார்ந்து பாருங்கள், கேள்விகள் வரும்.